நம்ம மலையில் நாட்டு ட்ரவுட் இருக்கா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சின்ன வயதிலிருந்தே எண்ணூர் முகத்துவாரத்தில் கைநரம்பு (கழியில்லாத தூண்டில்) போட்டுக் கிழங்கானும் கெளுத்தியும் பிடித்துப் பழகியவர். முழங்கால் ஆழ மலை ஓடையில் நின்று, ஈ மாதிரி இறகு கட்டிய முள்ளை வீசி, ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனை உள்ளங்கையளவில் பிடித்து உடனே திருப்பி விட்டுவிடுகிற அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். "ஊட்டி, கொடைக்கானல் ஓடைகளில் அதே மாதிரி நேட்டிவ் ட்ரவுட் பிடிக்க முடியுமா? 15,000 ரூபாய்க்குள் எந்த ஃப்ளை ராடு வாங்கலாம்?" இதுதான் கேள்வி. ஃப்ளை ராடு என்றால் அந்த இறகு முள்ளை வீசுகிற தூண்டில் கழி. ராடு பற்றிக் கேட்ட மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த 'நேட்டிவ்' சமாச்சாரம் ரயிலேறிப் போகிற தூரத்தில் இருக்கிறதா? கழிமுகத்தில் பழகின கை மலை ஓடையில் செல்லுபடியாகுமா? முதலாவதுக்கு என் பதில் இல்லை. இரண்டாவதுக்குப் பாதி ஆமாம்.

நாட்டுக்கோழி என்றால் நமக்குப் புரியும். அந்த அர்த்தத்தில் நாட்டு ட்ரவுட் என்று ஒன்று நீலகிரியில் கிடையாது, பழனி மலையில் கிடையாது, காஷ்மீரிலும் கிடையாது. இது சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். ரெயின்போ ட்ரவுட்டின் சொந்த ஊர் பசிபிக் கடலின் வடக்குக் கரைகள், அதாவது வட அமெரிக்காவின் மேற்குப் பக்கமும் ரஷ்யாவின் கம்சாட்காவும். பிரவுன் ட்ரவுட் ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் சேர்ந்தது. இந்திய ஓடைகளில் ஆதியிலிருந்து இருப்பவை பெரும்பாலும் கெண்டைக் குடும்பத்து மீன்கள்தான். இதில் பெயர்க் குழப்பம் வேறு. பழைய துரைமார் 'இந்தியன் ட்ரவுட்' என்று எழுதி வைத்த ராயமாஸ் போலா ஒரு கெண்டை இனம். இமயமலை ஆறுகளில் 'ஸ்னோ ட்ரவுட்' என்று இன்றைக்கும் சொல்கிற மீனும் கெண்டை இனம்தான். உண்மையான ட்ரவுட்டுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே எலும்பில்லாத ஒரு குட்டிச் சதைத் துடுப்பு இருக்கும், கெண்டைக்கு இருக்காது. ஆனால் தம்பி பிடிக்கிற கெளுத்திக்கும் அந்தச் சதைத் துடுப்பு உண்டு, அதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம்.

அப்படியானால் ஊட்டி ஓடையில் ட்ரவுட் எப்படி வந்தது? கொண்டுவந்தார்கள், அதுவும் பெரும்பாடு பட்டு. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1863-ல் பிரவுன் ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். காரணம் எளிது. ட்ரவுட் முட்டை குளிரிலேயே கிடக்க வேண்டும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸில் இருந்தால் ரெயின்போ முட்டை ஒரு மாதத்தில் பொரிந்துவிடும், சூடு ஏறினால் அழுகும். சூயஸ் கால்வாயே 1869-ல்தான் திறந்தது. செங்கடல் வெயிலைத் தாண்டி மெட்ராஸில் இறக்கி, சமவெளியைக் கடந்து மலையேற்றுகிற வரைக்கும் முட்டையை ஐஸிலேயே வைத்திருப்பது சாதாரண வேலையா? காஷ்மீரில் 1900-ல் பிரவுன் ட்ரவுட் நிலைத்தது. நீலகிரியில் எச்.சி. வில்சன் என்பவர் வந்த பிறகுதான், பிரவுனை விட்டு ரெயின்போவைப் பிடித்துக்கொண்டதால், காரியம் கைகூடியது. அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் வந்தது. மூணாறு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்களும் தங்கள் பொழுதுபோக்குக்காக அங்கே ட்ரவுட் வளர்த்தார்கள். மொத்தத்தில் நம் மலையில் இருப்பது ஊர் ஏக்கம் பிடித்த சிலர் கூட்டிவந்த மீன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் காலடிப்பேட்டைக்காரன், கப்பலில் என்ஜின் ரூமில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் டென்னசியில் நாக்ஸ்வில் நகரத்தில் இருக்கிறாள். 2011-லிருந்து போகும்போதெல்லாம் பக்கத்திலிருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் இந்த மீன்பிடியைக் கற்றுக்கொண்டேன். அந்தப் பூங்காவுக்குள் ட்ரவுட் வகையில் ஒன்றே ஒன்றுதான் உள்ளூர், புரூக் ட்ரவுட். சாஸ்திரப்படி அது 'சார்' (char) என்கிற நெருங்கிய உறவினம், ஆனாலும் ட்ரவுட் என்றே அழைக்கிறார்கள். முதுகில் புழு நெளிந்த மாதிரிக் கோடுகள், பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், வயிற்றுத் துடுப்பின் முன்விளிம்பில் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஒரு வெள்ளைக்கோடு. ஒரு சாண் இருந்தால் அது அங்கே பெரிய மீன். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மரம் வெட்டுகிற கம்பெனிகள் அந்த மலையை மொட்டையடித்தன, ஓடை சூடானது, மண் இறங்கியது. பிறகு வெளியிலிருந்து ரெயின்போவையும் பிரவுனையும் கொண்டுவந்து விட்டார்கள். புரூக் ட்ரவுட் தன் பழைய வாழிடத்தில் முக்கால்வாசியை இழந்து மேட்டு ஓடைகளுக்குள் ஒதுங்கிவிட்டது. 1976-ல் அதைப் பிடிக்கவே தடை போட்டார்கள், 2006-ல்தான் மீண்டும் அனுமதித்தார்கள். இடையில் சில ஓடைகளில் அருவிக்கு மேலே ஆன்டிமைசின் என்ற மருந்தைக் கலந்து ரெயின்போவை முழுக்க அழித்துவிட்டு, புரூக் ட்ரவுட்டைத் திரும்பக் குடியேற்றினார்கள். அருவி எதற்கென்றால், கீழேயிருந்து ரெயின்போ மறுபடி ஏறி வராமலிருக்க அதுதான் மதில்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நீலகிரியில் விருந்தாளி மாதிரி தாங்கி வளர்த்த அதே ரெயின்போவை ஸ்மோக்கி மலையில் களையெடுக்கிற மாதிரி எடுக்கிறார்கள். தம்பி வீடியோவில் கேட்ட 'நேட்டிவ்' என்ற சொல்லுக்கு அங்கே இவ்வளவு கனம். மீன் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர்கள் அதைச் சொல்வதில்லை. அந்த அளவுகோலை நம் மலைக்குக் கொண்டுவந்தால், நீலகிரி ஓடையில் 'நேட்டிவ்' என்று சொல்லத் தகுந்தது டெவாரியோ நீல்கேரியென்சிஸ் போன்ற விரல் நீள மீன்கள். நீலகிரியை விட்டால் வேறெங்கும் இல்லாத மீன் அது. அதற்கு 1867-ல் அறிவியல் பெயர் வைத்தவர் யார் தெரியுமா? ட்ரவுட்டைக் கொண்டுவரப் பாடுபட்ட அதே பிரான்சிஸ் டே. ட்ரவுட் அதைத் தின்று குறைத்ததா என்றால், தின்னக்கூடிய மீன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் புல்வெளியை மூடிய சீகை மரத் தோட்டங்கள், தேயிலை, உருளைக்கிழங்கு மருந்து, அணைக்கட்டுகள் எல்லாமே அதே நூறு வருஷத்தில் பெருகியவை. இதில் ட்ரவுட்டின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. நீலகிரியிலுள்ள முக்குருத்தி தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போவதை மறந்துவிடுங்கள், அனுமதியில்லாமல் காலடி வைத்தாலே குற்றம். மூணாற்றுப் பக்கத்து இரவிகுளமும் அப்படித்தான். மற்ற இடங்களில் ஒரு காலத்தில் ஊட்டி மீன்வளத் துறை அலுவலகம் லைசென்ஸ் கொடுத்தது, 1990-களில் நானும் ஒரு முறை வாங்கி அவலாஞ்சியில் நாள் முழுக்க நின்று ஒரே ஒரு மீன் பார்த்தேன். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. மலைக்குக் கிளம்புகிறதுக்கு முன்னால் அந்த அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் வாங்குங்கள். "நான் பார்த்துக்கிறேன் சார்" என்கிற ஜீப்காரர் பேச்சை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி. எனக்குப் பிடித்ததும் இதுதான். ஸ்மோக்கி மலையில் என் முதல் நாள் முழுக்க ஒரு மீன்கூட இல்லை. கடலோரத்தில் பிறந்தவன், எனக்கா சொல்லித்தர வேண்டும் என்ற திமிரோடு ஓடைக்கரையில் நிமிர்ந்து நடந்து, ஒவ்வொரு மடுவாக எட்டிப் பார்த்து வீசினேன். மகளின் பக்கத்து வீட்டுப் பெரியவர் பின்னாலேயே வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது மட்டும், "நீங்க இன்னிக்கு ஒவ்வொரு மீனுக்கும் வணக்கம் சொல்லிட்டு வந்தீங்க" என்றார். அப்புறம்தான் விளக்கினார். ஓடை மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, மேற்கிலிருந்து தண்ணீர் வந்தால் மேற்கே பார்த்து நிற்கும். தீனி அந்தத் திசையிலிருந்துதான் மிதந்து வருகிறது. ஆக, கீழேயிருந்து மேலே ஏறி, அதன் முதுகுப்பக்கமாகத்தான் அணுக வேண்டும். எண்ணூரில் கலங்கின தண்ணீர், மீன் நம்மைப் பார்க்காது. மலை ஓடை கண்ணாடி மாதிரி இருக்கும். தண்ணீருக்கடியிலிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளி உலகம் முழுவதும் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்ட ஜன்னலுக்குள் தெரியும், அதற்கு வெளியே வெறும் தண்ணீர்த் தரையின் பிரதிபலிப்புதான். அந்த ஜன்னலின் ஓரத்தில் தாழ்வாக இருப்பவை நசுங்கி மங்கலாகத் தெரியும். அதனால்தான் குனிகிறோம், மண்டியிடுகிறோம், பாறைக்குப் பின்னால் ஒளிகிறோம். நல்ல வீச்சுக்காரன் நிமிர்ந்து நின்று பிடிப்பதைவிட, வீசவே தெரியாதவன் தவழ்ந்து போய்ப் பிடிப்பது அதிகம். இதைப் பல வருஷம் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

வீச்சு என்பது வேறு கணக்கு. கைநரம்பில் ஈயக்குண்டுதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இறகு கட்டிய முள்ளுக்கு எடையே கிடையாது. அதனால் எடையை நரம்பிலேயே வைத்துவிட்டார்கள். தடித்த, பூச்சுப் பூசிய அந்தக் கயிறு காற்றில் சுருள் விரிந்து போகும், இறகு முள் அதன் வால்போலப் பின்தொடரும். பின்னால் வீசிய கயிறு முழுக்க விரிகிற வரைக்கும் ஒரு நொடி காத்திருந்து முன்னால் தள்ள வேண்டும். வேகம் வேண்டாம், அந்தக் காத்திருப்புதான் வித்தை. வீச்சு வலை போடுகிறவர்களைப் பார்த்திருந்தால் இது சட்டென்று பிடிபடும், வலை தோளிலிருந்து எப்போது பிரிகிறது என்பதில்தானே விஷயம். காற்றாடி விட்ட கையாக இருந்தால் இன்னும் நல்லது. எங்கே சுண்ட வேண்டும், எங்கே தளர விட வேண்டும் என்பது வடசென்னைப் பையன்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது (மாஞ்சாவைச் சொல்லவில்லை, அது தடை செய்யப்பட்டது, நியாயமாகவே).

ஆனால் சின்ன ஓடையில் இந்தச் சினிமா வீச்சுக்கு இடமே இருக்காது. தலைக்கு மேலே மரக்கிளை, பின்னால் புதர். அங்கே பெரும்பாலும் வில்லில் அம்பு பூட்டுகிற மாதிரி முள்ளை விரலில் பிடித்து ராடை வளைத்து விடுகிறோம். இல்லாவிட்டால் கயிற்றைத் தண்ணீரிலேயே கிடத்தி முன்னால் உருட்டிவிடுகிறோம். பத்துப் பதினைந்தடிக்கு மேல் வீசுவது அபூர்வம். பாறையிலிருந்து தண்ணீர் விழுந்து ஒரு மடுவு, அதன் வாலில் கொஞ்சம் மெதுவான நீர், பிறகு அடுத்த படி. ஒவ்வொரு மடுவிலும் வேகத் தண்ணீரும் மெதுத் தண்ணீரும் உரசுகிற கோட்டில் மீன் நிற்கும், அங்கே கொஞ்ச உழைப்பில் நிறைய தீனி. நம் கயிறு வேகத் தண்ணீரில் விழுந்தால் அது முள்ளையும் தரதரவென்று இழுக்கும். இயல்பாக மிதந்து வராத ஈயை ட்ரவுட் தொடாது. ராடைத் தூக்கிப் பிடித்து, கயிறு தண்ணீரில் படாமல், நுனி நரம்பு மட்டும் படும்படி ஓட்ட வேண்டும்.

ஜப்பானில் மலைவாழ் மீன்பிடிகாரர்கள் இதற்கு ரீலே வைத்துக்கொள்ளவில்லை. நீளமான கழி, நுனியில் கட்டிய நரம்பு, ஒரு ஈ முள், அவ்வளவுதான். தென்காரா என்று பெயர். பார்த்தால் நம் பசங்கள் குளத்தில் மூங்கில் கழி வைத்துப் பிடிப்பதன் அண்ணன் மாதிரி இருக்கும். எனவே 15,000 ரூபாயை இப்போது தொடாதீர்கள் தம்பி. மடக்கு மடக்காக நீளும் 10, 12 அடி மெல்லிய கழி ஒன்று போதும். பிறகு ஆசை நிலைத்தால், ஏழு அடியிலிருந்து எட்டு அடிக்குள், 3 எண் கயிற்றுக்கான ராடு (எண் கூடக் கூடக் கயிறு கனம்) பாருங்கள், சின்ன ஓடைக்கு அதுதான் தோது. வீடியோவில் பார்த்து 8 எண் வாங்கிவிட்டால், அது சாண் மீனுக்குத் தென்னை மட்டையால் கொசு அடிக்கிற மாதிரி. நுனி நரம்பை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். 11-லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்று வரும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, கிட்டத்தட்ட 0.15 மில்லிமீட்டர். காசிமேட்டுக் கடையில் தடிமன் பார்த்தே தங்கூஸ் நரம்பு வாங்கலாம், வெளிநாட்டுச் சுருள் வேண்டியதில்லை.

ஈயை நீங்களே கட்டுங்கள். மிதக்கிற ஈக்கு நாட்டுச் சேவலின் கழுத்து இறகு வேண்டும். அதன் நார் விறைப்பாக இருக்கும், தண்ணீரில் முட்டுக்கொடுத்து நிற்கும். கோழி இறகு மென்மையானது, தண்ணீரைக் குடித்து அமிழும், அது அமிழ்கிற ஈக்கு. பிராய்லர் கடையில் கேட்டால் ஒன்றும் தேறாது, ஆறு வாரக் குஞ்சுக்கு ஏது கழுத்து இறகு? சேவல் வளர்க்கிற வீட்டில் சொல்லி வைத்தால் ஒரு பிடி தருவார்கள். தையல் கடை நூல், 14 அல்லது 16 நம்பர் முள், ஒரு சின்ன இடுக்கி. முள்ளின் எதிர்முனையை, அந்தக் கொக்கிக் கீற்றை, இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனை விடும்போது வாய் கிழியாது. உங்கள் காதில் மாட்டினாலும் சுலபமாக வரும், மாட்டும்.

கழிமுகத்துக் கை எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைப் படிக்கிற கண் உதவும். நீரேத்தத்தில் எந்தத் தூணுக்குப் பின்னால் மீன் ஒதுங்கும் என்று தெரிந்தவனுக்கு, எந்தப் பாறைக்குப் பின்னால் ட்ரவுட் ஒதுங்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பொறுமையும் உதவும். விரல்தான் கெடுக்கும். கைநரம்பில் மீன் கடிப்பது விரலில் தெரிந்த பிறகுதான் சுண்டுகிறோம். ஓடையில் விரலில் ஒன்றும் தெரியாது. ஈ இருந்த இடத்தில் ஒரு குமிழ், அல்லது நரம்பு ஒரு கணம் தயங்குகிறது, அப்போதே மெல்லத் தூக்க வேண்டும். உணர்கிறதுக்குள் துப்பிவிடும். இரண்டாவது, பலம். கெளுத்திக்குச் சுண்டுகிற மாதிரி சுண்டினால் 5 எக்ஸ் நரம்பு பட்டென்று போகும், இல்லாவிட்டால் சாண் மீன் உங்கள் தலைக்கு மேலே பறந்து பின்னால் மரத்தில் விழும். எனக்கு நடந்திருக்கிறது. அந்த மீனைத் தேடி எடுத்துத் தண்ணீரில் விடுவதற்குள் பட்ட வெட்கம் இன்னும் இருக்கிறது.

பழகுவதற்கு மலை தேவையில்லை. மொட்டை மாடி போதும். முள்ளுக்குப் பதில் ஒரு சிவப்பு உல்லன் துண்டைக் கட்டி, இருபதடி தள்ளி ஒரு அன்னக்கூடையை வைத்து அதற்குள் விழச் செய்யுங்கள். துணி காயப் போடாத நேரமாகப் பாருங்கள், நான் பக்கத்து வீட்டு அம்மாவின் புடவையைப் பிடித்த கதை எங்கள் தெருவில் இன்னும் ஓடுகிறது. பிறகு மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம், கேட்டுக்கொண்டு இறங்கக்கூடிய குளத்தில் ஜிலேபிக் கெண்டையில் பழகலாம். சின்ன அமிழும் ஈயை நன்றாக எடுக்கும். அதுவும் 1952-ல் இந்தியாவுக்குள் வந்த வந்தேறிதான், ஆகவே விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் மனசு உறுத்தாது. எண்ணூரில் கொடுவாவுக்கு இறகு முள் போடலாம், அங்கேதான் அந்த 8 எண் ராடு பொருந்தும், உப்புத் தண்ணீருக்குப் பின் ரீலை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் ஒரே மாதத்தில் இறுகிவிடும். ஆனால் கொசஸ்தலை ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த பகுதிகளில், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய பிறகு, நான் பிடிக்கிற மீனைச் சாப்பிடுவதில்லை. அது என் சொந்த எச்சரிக்கை, பரிசோதனைக்கூட முடிவு இல்லை.

உண்மையிலேயே ட்ரவுட்தான் வேண்டும் என்றால் ஹிமாச்சலின் தீர்த்தன் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே நான் பிடித்ததில்லை, படித்தும் போய்வந்தவர்களிடம் கேட்டும் சொல்கிறேன். பிரவுன் ட்ரவுட், அதுவும் வந்தேறிதான், ஆனால் காட்டு ஓடையிலேயே பல தலைமுறை பெருகியது. மாநில மீன்வளத் துறையின் லைசென்ஸ் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூடிவிடுவார்கள், முட்டையிடும் காலம். மார்ச்சில் திறந்ததும் போகிறவர்கள் அதிகம். ஒரு சின்ன தெர்மாமீட்டர் எடுத்துப் போங்கள். தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும், அந்தச் சூட்டில் போராடிய மீன் விட்டாலும் பிழைப்பது கடினம். பிடித்தால் கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். தண்ணீருக்கு மேலே தூக்காமலே முள்ளை எடுங்கள். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் கூட வருகிறவரிடம் முன்னாடியே கேமராவைக் கொடுத்து வையுங்கள்.